ஐந்து நட்சத்திரமும் லாரியின் பின்பக்கமும்

வணக்கம்.

எங்கள் ஊர்ப்பக்கம் நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த லாரியின் பின்னால் ஒரு கார் புகுந்து, முன்சீட்டில் இருந்த இருவரும் இறந்துபோனார்கள். அது மோதல் சோதனையில் 5 ஸ்டார் வாங்கிய கார். அந்தப் படம் வாட்ஸப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஸ்டார் எல்லாம் கம்பெனிக்காரன் விளம்பரம்" என்கிறார் என் மச்சான். நான் இப்போது கார் வாங்கும் யோசனையில் இருக்கிறேன். ஒன்றரை லட்சம் கூடக் கொடுத்து 5 ஸ்டார் வண்டி எடுப்பது வீண்தானா? இன்னொன்று, அம்மா பின்சீட்டில்தான் உட்காருவார், பெல்ட் போடச் சொன்னால் கேட்க மாட்டார். வண்டி 5 ஸ்டார் என்றால் பின்னால் பெல்ட் இல்லாமல் சமாளித்துவிடலாமா?

எம்., நாமக்கல்

அன்புள்ள எம்.,

பணம் வீணில்லை. மச்சானிடம் 2014 ஜனவரியில் நடந்ததைச் சொல்லுங்கள். குளோபல் என்கேப் என்ற அமைப்பு இங்கே விற்பனையில் இருந்த ஐந்து சின்ன கார்களை மோதவிட்டுப் பார்த்தது: ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. எல்லாமே ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ஜியம். அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்துச் சோதித்தபோது 4 ஸ்டார் கிடைத்தது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான், இந்தியத் தயாரிப்பில் முதல் 5 ஸ்டார் காரானது. 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் என்ற மோதல் சோதனைத் திட்டம் வந்தது. அந்தப் பூஜ்ஜியங்கள் வெளியே வராமல் இருந்திருந்தால் இந்த மாற்றம் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, அப்படியானால் அந்தக் கார் ஏன் காப்பாற்றவில்லை?

சோதனைக்கூடத்தில் நடப்பது இதுதான். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், முன்பக்க அகலத்தில் 40 சதவீதம் படும்படி, தேன்கூடு போலச் செய்த அலுமினியத் தடுப்பில் மோதுகிறது. உள்ளே இருக்கும் டம்மிகள், அதாவது மனித உருவப் பொம்மைகள், பெல்ட் போட்டிருக்கும். ஏறக்குறைய தன் எடையே உள்ள இன்னொரு கார் ஏறத்தாழ அதே வேகத்தில் எதிரே வந்து மோதுவதற்கு இது சமம். 'இவன் 64, அவன் 64, மொத்தம் 128-இல் சுவரில் அடித்த மாதிரி' என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். எடை சமமாக இருந்தால் அந்தக் கணக்கு தப்பு. எதிரே வருவது 20 டன் லாரி என்றால்தான் அது கிட்டத்தட்ட உண்மையாகிறது. லாரியின் வேகம் பெரிதாகக் குறையாது, காரைத்தான் பின்னால் தள்ளிக்கொண்டு போகும்.

லாரிகூட வேண்டாம், இரண்டு கார்களுக்கே இது நடக்கும். 2009-இல் அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், ஸ்மார்ட் ஃபோர்டூ என்ற குட்டிக் காரையும் மெர்சிடிஸ் சி கிளாஸையும், இரண்டும் 64 கிலோமீட்டர் வேகத்தில் வர, நேருக்கு நேர் மோதவிட்டது. தடுப்பில் மோதும் சோதனையில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்த ஸ்மார்ட், தன்னைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமான மெர்சிடிஸோடு மோதியதும் தூக்கி வீசப்பட்டுச் சுழன்றது. ஒரு சின்ன காரின் 5 ஸ்டாரையும் பெரிய எஸ்யூவியின் 5 ஸ்டாரையும் பக்கத்தில் வைத்து 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்லக்கூடாது என்பது இதனால்தான்.

இனி உங்கள் ஊர் விபத்து. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர் உங்களுடையது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது நிற்கும் லாரியின் பின்னால் போய் நின்று பாருங்கள். தளம் உங்கள் நெஞ்சளவு உயரத்தில் இருக்கும். கார் மோதும்போது அடியை வாங்கி நசுங்குவதற்கென்றே இருக்கும் இரும்புத் தண்டுகள் பானெட்டுக்குள், பம்பருக்குப் பின்னால், தாழ்வாக இருக்கின்றன. லாரித் தளத்தின் உயரத்தில் இருப்பது உங்கள் முன்கண்ணாடி. அதனால் பானெட் லாரிக்கு அடியில் நுழைந்துவிடும், நசுங்க வேண்டிய பகுதி நசுங்காது, முதல் பெரிய அடி கண்ணாடிக்கும் அதன் ஓரத் தூண்களுக்கும் விழும். ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமலும் போகலாம். கார் இப்படி உள்ளே நுழையாமல் தடுக்கத்தான் லாரியின் பின்னால் கீழே ஒரு குறுக்குக் கம்பி வைக்கச் சொல்கிறது விதி. மேடு பள்ளத்தில் இடிக்கிறது என்று மேலே வளைத்துவிட்ட கம்பி, நாலு போல்ட்டில் பேருக்குத் தொங்கும் கம்பி, சேறு அப்பிய டெயில் லைட் எல்லாம் நாம் தினமும் பார்ப்பவைதான். எனக்கு உண்மையான கோபம் இதில்தான். காருக்கு இத்தனை சோதனை வைக்கிறோம், அந்தக் கம்பி உறுதியாக இருக்கிறதா என்று சாலையில் நிறுத்திப் பார்க்க ஆளில்லை.

அப்புறம் வேகம். 2021-இல் அதே அமெரிக்க நிறுவனம் 2010 மாடல் ஹோண்டா சிஆர்-வி கார்கள் மூன்றை மூன்று வேகங்களில் மோதவிட்டது. 64-இல் ஓட்டுநரின் இடத்துக்குப் பெரிய சேதமில்லை. 80-இல் கதவுச் சட்டமும் டேஷ்போர்டும் கால் வைக்கும் இடமும் கோணிப்போயின. 90-இல் உள்கூடு மோசமாகச் சிதைந்தது, டம்மியின் கழுத்தில் கடுமையான காயத்துக்கான அளவுகள் பதிவாயின. 64-ஐவிட 90-இல் காரின் மோதல் ஆற்றல் கிட்டத்தட்ட இரு மடங்கு. நம் நான்குவழிச் சாலையில் 90 என்பது யாரும் வேகம் என்றே நினைக்காத வேகம்.

அம்மாவின் பெல்ட் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து சமாளிக்காதீர்கள். 2022 செப்டம்பர் 4 அன்று டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே இறந்தார். அவர் போன மெர்சிடிஸ் ஜிஎல்சி ஐரோப்பியச் சோதனையில் 5 ஸ்டார் வாங்கிய மாடல். பெல்ட் போடாமல் பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் மோதலில் முன்சீட்டின் முதுகில் போய் அடிப்பார், அங்கே உட்கார்ந்திருப்பது நீங்களாக இருக்கலாம். பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டமும்கூட.

ஆகவே, வண்டி பார்க்க ஷோரூமுக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின்சீட்டில் உட்காரவைத்து அவரையே பெல்ட் மாட்டச் சொல்லுங்கள். கழுத்தை அறுக்கிறதா, பக்கிள் கைக்கு எட்டுகிறதா, நடு சீட்டிலும் தோள் வழியாக வரும் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டை வேண்டாம் என்பவர்களில் பலருக்கு அது எங்கோ உறுத்துவதுதான் காரணம். வண்டி எடுத்ததும் சீட் கவர் போடச் சொல்வார்கள். பக்கிளை மூடாத கவராகப் பாருங்கள். முன்சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அந்த மாடலுக்கென்றே தைத்த கவரைத் தவிர வேறெதையும் போடவிடாதீர்கள்.