கவுன்சிலிங்குக்குப் போகாவிட்டால் மகனை ஜெயிலில் போட்டுவிடுவார்களா?

கேள்வி: கஞ்சாப் பொட்டலம் வைத்திருந்ததாக என் மகன் மீது வழக்கு. அப்போது அவனுக்கு 17 வயது. இளைஞர் நீதிக் குழுமம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் என் பொறுப்பில் விட்டது; கவுன்சிலிங்குக்கும் போதை மீட்பு சிகிச்சைக்கும் போகச் சொன்னது. இரண்டு தடவை போகவில்லை. போன மாதம் 18 முடிந்ததால் இனி பெரிய ஜெயில்தான் என்கிறார் ஒருவர். 15,000 ரூபாய் கொடுத்தால் வருகைச் சான்றிதழ் வாங்கித் தருகிறாராம்.

பதில்: அந்தப் பணத்தை உள்ளே எடுத்து வையுங்கள், அம்மா.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பார்ப்பது சம்பவம் நடந்த அன்று என்ன வயது என்பதைத்தான். விசாரணை நடுவே 18 முடிந்தாலும், உத்தரவு வந்தபின் முடிந்தாலும், இந்த வழக்குக்கு உங்கள் மகன் சிறார்தான். வயதுக்குச் சான்று பள்ளிச் சான்றிதழ். அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பத்தாம் வகுப்புச் சான்றிதழை நகலெடுத்துக் கையில் வைத்திருங்கள். ஆனால் இனிமேல் இன்னொரு பொட்டலத்தோடு பிடிபட்டால் அது வேறு வழக்கு, பெரியவர்களுக்கான நீதிமன்றம். போதைப்பொருள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு 18 தாண்டியவர்களுக்கு, சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் நன்னடத்தை விடுதலையைப் பெரும்பாலும் தராது. மகனை எதிரே உட்காரவைத்து இதை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள்.

சான்றிதழ் விற்பவர்களை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். ஒரு பையன் கோப்பில், கவுன்சிலிங்குக்கு வந்ததாகப் போட்டிருந்த தேதி தீபாவளி. கையெழுத்து, அதற்கு முன்பே மாற்றலாகிப் போன, கவுன்சிலிங் தரும் ஆற்றுப்படுத்துநருடையது. வகுப்பைத் தவறவிட்ட பையனுக்கு அதோடு போலி ஆவணச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. புரோக்கரை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. இன்னொரு ரகம், ‘மறுவாழ்வு மையம்’ என்று வேனில் வந்து அள்ளிக்கொண்டு போய்ப் பூட்டிவைப்பவர்கள். மனநலச் சட்டப்படி பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், பாதிப்பேர் அங்கேயே பேச்சை மாற்றுவார்கள். சிறுநீர்ச் சோதனையைக் காட்டி மிரட்டுவதும் உண்டு. தினமும் புகைத்தவன் நிறுத்திய பிறகும் கஞ்சா சில வாரங்கள் அதில் தென்படும். அது ஒன்றே மறுபடி தொட்டுவிட்டான் என்பதற்குச் சாட்சியில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, மகனையும் கூட்டிக்கொண்டு நன்னடத்தை அலுவலரை நேரில் பார்த்து, தவறிய இரண்டு நாளையும் நீங்களாகவே சொல்வது. அவர் அறிக்கை எழுதுவதற்கு முன் போனால் நல்லது. தவறிக்கொண்டே இருந்தால் குழுமம் கூப்பிட்டு விசாரிக்கும், சிறார்களைத் தங்கவைத்துத் திருத்தும் சிறப்பு இல்லம் வரைகூடப் போகலாம். உடனே பெரிய ஜெயில் என்பது கட்டுக்கதை. வக்கீலுக்குச் செலவழிக்க முடியாவிட்டால் 15100-ஐக் கூப்பிடுங்கள், சட்ட உதவி இலவசம். வேலைக்குப் போகும்போது இது குறுக்கே நிற்குமோ என்ற பயமும் வேண்டாம். முடிந்துபோன சிறார் வழக்கைக் காவல்துறை நன்னடத்தைச் சான்றில் சொல்லக்கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு.

அவன் ஏன் போகவில்லை என்று கேட்டீர்களா? பள்ளி நாளில் பகல் 11 மணிக்கு வரச்சொல்வார்கள், வந்தால் ‘கவுன்சிலர் மீட்டிங்கில்’ என்பார்கள். மாவட்டம் முழுக்க ஓடுகிற அலுவலரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை, ஆனால் உத்தரவு போடுகிறவர்கள் ஒரு நாள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். சில பையன்களுக்கு வேறு காரணம்: பழைய கூட்டாளிகள் நிற்பது அதே பஸ் ஸ்டாப்பில். எதுவானாலும் நேரத்தையோ மையத்தையோ மாற்றித்தரச் சொல்லிக் குழுமத்துக்கு மனுக் கொடுங்கள். வெள்ளைத் தாளில் கையால் எழுதினால் போதும்.