மலைக்குளிரும் சூரியக் காற்றுச் சூடாக்கியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏற்காட்டில் உள்ள தங்கும் விடுதி ஒன்றின் அறையைக் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக வைக்க, கூரையில் 2 சதுர மீட்டர் பரப்புள்ள சூரியக் காற்றுச் சூடாக்கியை (கண்ணாடி மூடிய பெட்டியில் காற்றை வெயிலால் சூடாக்கி, விசிறியால் அறைக்குள் அனுப்பும் கருவி) பொருத்துவதாக எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டில் கணினி மாதிரி அமைத்தோம். சேலத்தின் வானிலைத் தரவைக் கொடுத்தால், டிசம்பரில்கூட அறைக்குச் சூடு தேவையில்லை என்று விடை வருகிறது. எங்கே தவறினோம்?
– பொறியியல் மாணவி, சேலம்

பதில்: சமன்பாடுகளில் தேடிக் களைக்க வேண்டாம், கோளாறு தரவில் இருக்கிறது. சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று கொண்டால், இரண்டுக்கும் இடையே சுமார் 8 டிகிரி வேறுபாடு வந்துவிடுகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவுத் தொகுப்புகள் பல, நிலத்தைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவதால், சேர்வராயன் மலையும் அடிவாரமும் ஒரே கட்டத்துக்குள் சராசரியாகிவிடும் அபாயமும் உண்டு. வெப்பநிலையை உயரத்துக்கேற்பத் திருத்துங்கள். முடிந்தால் விடுதியின் நிழலான பக்கத்தில் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றை டிசம்பர், ஜனவரி மாதங்களில் தொங்கவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வெயிலுக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேலத்தில் வெயில் அடிக்கும்போதே மலை மேகத்துக்குள் இருப்பதுண்டு என்பதால், அந்த வாரங்களைத் தனியாக வைத்து, வெயில் குறைந்த நாட்களுக்கும் மாதிரியை ஓட்ட வேண்டும்.

காற்றின் அடர்த்தியையும் கவனியுங்கள். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ, ஏற்காட்டில் ஏறத்தாழ 1 கிலோதான். விசிறி தள்ளும் கன அளவு மாறாவிட்டாலும், அது சுமந்து செல்லும் வெப்பம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இரவுக் கணக்கு. வெயில் சதுர மீட்டருக்கு 700 வாட், சூடாக்கியின் செயல்திறன் 50 சதவீதம் என்று கொண்டால், உங்கள் 2 சதுர மீட்டர் தருவது 700 வாட். 5 மணி நேரத்தில் 3.5 யூனிட், அதாவது 3,500 வாட் மணி. ஆனால் 4 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையின் காற்றை 1 டிகிரி சூடேற்ற 13 வாட் மணியே போதும். அவ்வளவு குறைவாகத் தாங்கும் காற்றில் பகல் வெப்பத்தைச் சேமிக்க முடியாது; அது சுவரிலோ, சூடான காற்று ஊடே செல்லும் கூழாங்கல் படுகையிலோதான் தங்க வேண்டும். இடைவெளி போக 1,600 கிலோ கல் கொள்ளும் ஒரு கன மீட்டர் படுகை 10 டிகிரி சூடேறினால், சுமார் 3.7 யூனிட்டைத் தாங்கும். எனவே சுவரின் எடையையும் படுகையையும் சேர்த்து, மணிக்கு மணி கணக்கிடும் மாதிரியை அமையுங்கள். விடுதியில் தங்குபவர் குளிரில் நடுங்கும் இரவு 10 மணிக்கு அறையில் என்ன மிஞ்சுகிறது என்பதை அதுதான் காட்டும்.

கேள்வி: லடாக்கில் வீட்டின் தெற்குச் சுவரில் கண்ணாடி பதித்து அறையைச் சூடாக்குகிறார்கள். எங்கள் காபித் தோட்ட வீட்டிலும் அப்படியே செய்யலாமா?
– வாசகர், நாகலூர்

பதில்: அப்படியே செய்யக் கூடாது. லே நகரம் 34 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அங்கே சுமார் 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். நேர்க்கதிரில் 84 சதவீதம் செங்குத்துச் சுவருக்குக் கிடைத்துவிடும். நம் மலையில் அதே நேரத்தில் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்பதால், சுவருக்குக் கிடைப்பது 58 சதவீதமே. தெற்கு நோக்கி 35 டிகிரி சரிந்த கூரையில் வைத்தால், அந்த நண்பகலில் கதிர் ஏறக்குறைய நேராக விழும். சுவருக்கு ஒரு நன்மை உண்டு: மே மாதத்து நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சென்றுவிடுவதால் தெற்குச் சுவரில் நேர்வெயில் படாது, வீடு புழுங்காது. கூரைச் சூடாக்கியில் கோடையிலும் வெயில் விழும் என்பதால், சூடான காற்றை வெளியே விட வெளியேற்றுக் கதவு ஒன்று கட்டாயம் வேண்டும். அறுவடைக் காலப் பகலில் அதே சூடான காற்றைக் காபி உலர்த்தவும் திருப்பிவிடலாம். கொட்டையின் சூடு 40 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணினி மாதிரி காட்டிய வெப்பத்தில் பாதிகூட எங்கள் சூடாக்கியில் கிடைக்கவில்லை. கண்ணாடியை மாற்றலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: முதலில் கசிவைப் பாருங்கள். விசிறியை ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, குழாயின் ஒவ்வொரு இணைப்புக்கும் கண்ணாடிச் சட்டத்தின் நான்கு விளிம்புகளுக்கும் அருகே மெதுவாக நகர்த்துங்கள். காற்று விசிறியை அடையும் முன்னுள்ள பகுதியில் புகை உள்ளே இழுக்கப்பட்டால், அங்கே குளிர்ந்த வெளிக்காற்று கலக்கிறது. விசிறியைத் தாண்டிய பகுதியில் புகை வெளிப்புறம் தள்ளப்பட்டால், சூடான காற்று வீணாகிறது. சிலிக்கான் பசையால் அடைத்த பிறகு உள்வாய், வெளிவாய் வெப்பநிலைகளையும் காற்றோட்டத்தையும் மீண்டும் அளந்து, அந்த எண்களை மாதிரியில் இடுங்கள். அதன் பிறகும் இடைவெளி இருந்தால் கண்ணாடியைப் பற்றிப் பேசலாம்.