காம்கே-2 என்சைம் மூளையில் எங்கே இருக்கிறது, எல்லா நியூரான்களிலும் உண்டா?

காம்கே-2 (CaMKII) என்பது கால்சியத்தால் தூண்டப்பட்டு, செல்லுக்குள் சிக்னல் கடத்தும் ஒரு என்சைம். அது மூளை முழுக்க இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவிலோ ஒரே வடிவத்திலோ இல்லை. வடிவத்தைக் கவனிக்காமல் நானே ஒரு மாதத்தை இழந்திருக்கிறேன்.

முதுகலை ப்ராஜெக்டில் எலி மூளையை நெடுக்காகச் சீவி, இந்த என்சைமைக் காட்டும் ஆன்டிபாடி போட்டு ஸ்டெயின் செய்தேன். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி கரும்பழுப்பாக அழகாக வந்தது, பெருமூளைப் புறணியும் நன்றாகவே இருந்தது, சிறுமூளையின் உள்ளடுக்கு மட்டும் வெளுத்துக் கிடந்தது. ஸ்டெயின் சரியாக ஏறவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்தேன். கடைசியில் லேபில் இருந்த சீனியர் அக்கா பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஆல்பாவுக்கு மட்டும்தானேப்பா" என்றார்.

இந்த என்சைம் 12 துணை அலகுகள் சேர்ந்த ஒரு கொத்து. மூளையில் பெரும்பாலும் ஆல்பா, பீட்டா என்ற இரண்டு வகை அலகுகள்தான். புறணியும் ஹிப்போகாம்பஸும் அடங்கிய முன்மூளையில் ஆல்பா சுமார் மூன்று மடங்கு அதிகம், சிறுமூளையில் அப்படியே தலைகீழ், பீட்டா சுமார் நான்கு மடங்கு. அங்கே ஆல்பா இருப்பது பர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நியூரான்களில், உள்ளடுக்கை நிறைக்கும் குட்டி கிரான்யூல் செல்களில் பீட்டாதான். என் ஸ்லைடு சரியாகவே வந்திருந்தது!

அளவு என்று பார்த்தால் ஹிப்போகாம்பஸில்தான் மிக அதிகம். 1985-ல் எலியில் அளந்தபோது அங்குள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 2% இதுவே, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலோ 0.1% அளவுதான். சிக்னல் கடத்தும் ஒரு என்சைம் இவ்வளவு குவிந்திருப்பது இன்றும் எனக்கு வியப்புதான்.

சரி, எல்லா நியூரான்களிலுமா? புறணியிலும் ஹிப்போகாம்பஸிலும் ஆல்பா இருப்பது குளூட்டமேட் சுரந்து அடுத்த செல்லைத் தூண்டும் கிளர்ச்சி நியூரான்களில், காபா சுரந்து அடுத்த செல்லை அடக்கும் இடைநியூரான்களில் பொதுவாகக் கிடையாது. அதனால்தான் கிளர்ச்சி நியூரான்களுக்குள் மட்டும் ஒரு ஜீனை இயக்க இதன் ப்ரொமோட்டரை (ஜீனை இயக்கும் டிஎன்ஏ சுவிட்சை) பயன்படுத்துகிறார்கள். ஆனால் பர்கின்ஜி செல் காபா சுரப்பது, அதிலும் ஆல்பா இருக்கிறது, ஆகவே இந்த விதியைச் சிறுமூளைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், செல்லுக்குள் எங்கே என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நியூரானின் கிளைகளான டெண்ட்ரைட்டுகளிலும், நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸில் சிக்னலை வாங்கும் பக்கத்துச் சவ்வை ஒட்டிய அடர்த்தியான புரதப் பட்டையிலும் இது மண்டிக் கிடக்கிறது. ஆல்பாவின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான ஜீனின் நகல்) டெண்ட்ரைட் வரை போய் அங்கேயே புரதமாகிறது. கால்சியம் உள்ளே வந்ததும் என்சைம் சினாப்ஸுக்கு நகர்ந்து அங்கே குளூட்டமேட்டை வாங்கும் என்எம்டிஏ ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. ஆல்பா ஜீனை நீக்கிய எலிகளில் சினாப்ஸ் வலுப்படுவதும், நீரில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்பதும் குன்றிப்போனதை 1992-லேயே காட்டிவிட்டார்கள்.