ஊர்த் தகவலுக்குக் கல்லூரி உதவுமா?

கேள்வி: மழை வந்தாலே எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பவானிசாகர் அணையைத் திறந்துவிட்டார்கள், நாளைக்குப் பள்ளி விடுமுறை என்று ஏதாவது சுற்ற ஆரம்பித்துவிடுகிறது, அதில் பாதி போன வருடத்துத் தகவல். பக்கத்திலேயே ஒரு கலைக் கல்லூரி இருக்கிறது. அவர்களால் ஏதாவது செய்ய முடியுமா?
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: நிறையவே முடியும். கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி, அதாவது ஒரு வட்டாரத்து மக்களுக்கென்றே நடக்கும் சிறிய வானொலி, நடத்தலாம் என்று மத்திய அரசு 2002 கடைசியிலேயே சொல்லிவிட்டது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் அண்ணா எஃப்.எம்.மைத் தொடங்கியது. அதற்கப்புறம் திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரி உட்படப் பல கல்லூரிகள் இறங்கின. 100 வாட் டிரான்ஸ்மிட்டர்தான், சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவில் கேட்கும், ஓர் ஊருக்கும் அக்கம்பக்கத்துக்கும் அது போதும்.

ஆனால் இந்த வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது, ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் அப்படியே போடலாம், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் அப்புறம் என்ன பயன் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் அதே விதிகளில் வானிலை, போக்குவரத்து, உள்ளூர்த் திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, அப்புறம் மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதாரம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்பு, எச்சரிக்கை எல்லாம் செய்தியில் சேராது, தாராளமாகச் சொல்லலாம் என்று இருக்கிறது. உங்கள் குழுவில் வதந்தியாகச் சுற்றுவதும் இவைதானே! பாம்பனில் கடல் ஓசை வானொலி மீனவர்களுக்குக் காற்று, அலை நிலவரம் சொல்கிறது. அது கல்லூரி நடத்துவது இல்லை, ஆனால் வேலை இதே வேலைதான்.

சரி, உரிமம் வாங்கி, கருவி வாங்கி வானொலி தொடங்க நாளாகும், பணமும் வேண்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கலைக் கல்லூரி என்றால் பெரும்பாலும் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும், அதில் ஒரு மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். அதில் கொஞ்ச நேரத்தைக் கிராம சபைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். 2022-லிருந்து தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஊர்க்காரர் ஒருவரும் மாணவர் ஒருவரும் சேர்ந்து போய் உட்கார்ந்து, என்ன தீர்மானம், எவ்வளவு தொகை, யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டலாம், குழுவிலும் போடலாம். யார் சொன்னது, எந்தத் தேதி என்ற இரண்டும் இல்லாமல் எதையும் போடக் கூடாது. தப்பாகிவிட்டால் அதே இடத்தில் திருத்தமும் வர வேண்டும். விடுமுறை என்றால் கலெக்டர் அறிவிப்பு, அதிலும் தேதியைப் பார்த்த பிறகு. அணை என்றால் நீர்வளத் துறை எச்சரிக்கை.

மாணவர்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். பரீட்சை வந்தால் அவர்கள் போய்விடுவார்கள், மூன்று வருடத்தில் ஊரைவிட்டே போய்விடுவார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் இரண்டு பேர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்று ஊர் ஆட்கள் உள்ளே இருந்தால்தான் இது நிற்கும். அடுத்த கிராம சபைக்கு முன்னாலேயே அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பாருங்கள்.