ஜனவரியில் டென்வர் வருகிறேன். பனிப்புயல் ஓய்ந்து நல்ல வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து மலைக்கு ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் நடக்க மாட்டிக்கொள்ளும் அகலமான காலணி) போட்டு நடக்கப் போகலாமா?

போகலாம். ஆனால் வெயிலை நம்பிப் போகாதீர்கள். நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் அப்படிப் போய்த்தான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

இரண்டு நாள் கொட்டித் தீர்த்த பனி நின்று, வானம் கழுவிவிட்டதுபோல நீலமாக இருந்தது. பெர்த்தட் கணவாயில் (11,307 அடி) வண்டியை நிறுத்திவிட்டு நானும் நண்பரும் ஏறினோம். அரைமணி நேரம் போயிருக்கும். ஒரு சமதளத்தில் கால் வைத்ததும் அடியிலிருந்து ‘உம்ப்’ என்று ஒரு சத்தம், மெத்தையில் யாரோ பொத்தென்று உட்கார்ந்ததுபோல. நின்ற இடம் லேசாக இறங்கியது. எங்களுக்கு அது வேடிக்கை. இன்னொரு தடவை வருமா என்று குதித்துக்கூடப் பார்த்தோம்! பின்னால் ஸ்கீயில் வந்த பெரியவர் ஒருவர் முகம் மாறி, “வந்த தடத்திலேயே திரும்புங்கள்” என்று சொல்லிவிட்டுத் தானும் திரும்பிவிட்டார்.

அடுத்த வருடம் பனிச்சரிவுப் பயிற்சிக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. தரைவரைக்கும் குழி வெட்டச் சொன்னார்கள். மேலே ஒரு மீட்டருக்குக் கெட்டியான பனி. அடியில் கையை விட்டால் அஸ்கா சர்க்கரை மாதிரி பொலபொலவென்று உதிர்கிறது, உருண்டை பிடிக்கவே வரவில்லை. அது சீசன் ஆரம்பத்தில் விழுந்த பனி. அப்போது பனி மெல்லிசாகத்தான் இருக்கும். கீழே மண் கிட்டத்தட்ட 0 டிகிரி, மேலே காற்று மைனஸ் 20 வரைகூடப் போகும். அந்த வித்தியாசத்தில் நீராவி கீழிருந்து மேலேறி, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக்கிவிடுகிறது. அப்புறம் விழும் பனியெல்லாம் அதன் மேல் பலகையாக உட்காருகிறது. நாங்கள் கேட்டது அந்தச் சர்க்கரை அடுக்கு நொறுங்கிய சத்தம். நொறுங்கல் பக்கத்துச் சரிவுக்குப் பரவியிருந்தால், மேலே இருந்த பலகை மொத்தமும் எங்கள் மேல் வந்திருக்கும்.

அதனால்தான் புயலுக்கு மறுநாள் மோசம். புதுப் பனியின் பாரம் அப்போதுதான் ஏறியிருக்கும். காற்று அதைவிடப் பொல்லாதது: முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டுபோய் மறுபக்கத்தில் குவித்துவிடும். ஒரு பொட்டுப் பனி பெய்யாத நாளிலும் இது நடக்கும். (சத்தம் போட்டால் பனி சரியும் என்பது சினிமாக் கதை. உயிரிழப்பில் முடியும் சரிவுகளில் பெரும்பாலானவை சிக்கியவரோ கூட வந்தவரோ மிதித்துக் கிளப்பியவை.)

நீங்கள் பார்க்க வேண்டியது சரிவின் கோணம். பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் நடப்பவை. 30க்குக் கீழே நடங்கள், தலைக்கு மேலேயும் செங்குத்தான சரிவு இருக்கக் கூடாது. கிளம்பும் காலையில் கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் முன்னறிவிப்பைப் படியுங்கள். அபாயத்துக்கு 1 முதல் 5 வரை எண் போடுவார்கள். 3 என்றால் ‘நடுத்தரம்தானே’ என்று நினைக்கத் தோன்றும். நிறையப் பேர் செத்தது அந்த 3 போட்ட நாட்களில்தான்.

பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வெட்டி வாடகைக்கு எடுக்கலாமா என்றால், பழகாத கையில் அவை சுமைதான். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும். சரிந்து நின்ற பனியோ சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

முதல் தடவைக்கு ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவில் பேர் லேக் ஏரியைச் சுற்றி நடங்கள். ஒரு மைல்கூட இல்லை, காடும் ஏரியும் பார்க்க அவ்வளவு அழகு. சென்னையிலிருந்து இறங்கிய மறுநாளே மட்டும் போகாதீர்கள்: அது 9,450 அடி, தலைவலியில் ஏரியை ரசிக்க முடியாது.