எம்எஸ் ப்ராஜெக்ட்டில் இன்னொரு ஆளைச் சேர்த்தும் நாள் குறையவில்லையே, ஏன்?

திட்டமிடும் மென்பொருளான எம்எஸ் ப்ராஜெக்ட்டில் 10 நாள் வேலைக்கு இரண்டாவது ஆளைப் போட்டும் 10 நாளாகவே நிற்கிறது, மென்பொருளில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு இல்லை. 'எஃபர்ட் டிரிவன்' (மொத்த வேலையை மாற்றாமல் ஆட்களுக்குள் பங்கிடும் அமைப்பு) டிக் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஆளைச் சேர்த்திருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

ஒரு டெஸ்டிங் வேலை. ஒருவர், 100 சதவீதம் (அதாவது முழு நேரமும்), 10 நாள், 80 மணி நேரம். தாமதமாகிறதே என்று இன்னொருவரைச் சேர்த்துவிட்டு, '5 நாளில் முடியும்' என்று மேலாளரிடம் வாக்கும் கொடுத்துவிட்டேன். பெயரைச் சேர்த்தபோது கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு பச்சை முக்கோணம் வந்தது. நாளைக் குறைக்கவா, வேலையைக் கூட்டவா என்று கேட்கத்தான் அது வருகிறது. நான் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் கூட்டத்தில் திரையைத் திறந்தால் அதே 10 நாள், வேலை 160 மணி நேரம், செலவு இரட்டிப்பு. 'திட்டம் போடத் தெரியுமா உங்களுக்கு?' என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். இன்னும் வலிக்கிறது.

நான் பழகியது 2007 பதிப்பில். அதில் புது டாஸ்க் எல்லாவற்றுக்கும் 'எஃபர்ட் டிரிவன்' தானாகவே டிக் ஆகியிருக்கும். 2010 முதல் அப்படி இல்லை, நாம்தான் டிக் செய்ய வேண்டும். டாஸ்க் இன்ஃபர்மேஷனில் அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கிறது. இரண்டாமவரை எடுத்துவிட்டு, டிக் செய்து, திரும்பச் சேர்த்தேன். ஆளுக்கு 40 மணி நேரம், 5 நாள். ஆனால் முதல் தடவையிலேயே இருவரையும் சேர்த்துப் போட்டால் இந்தப் பங்கீடு நடக்காது. ஏற்கெனவே ஒருவர் இருந்து, பிறகு ஆள் கூடினால்தான்.

அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்: வேலை = நாள் × யூனிட் (ஆள் தன் நேரத்தில் எத்தனை சதவீதத்தை அந்த வேலைக்குத் தருகிறார் என்பது). இந்த மூன்றில் எதை அசையாமல் பிடித்துவைப்பது என்பதைத்தான் டாஸ்க் டைப் சொல்கிறது. வழக்கமாக வருவது ஃபிக்ஸட் யூனிட்ஸ். மூன்று நாள் பயிற்சி வகுப்பு மாதிரி ஆள் கூடினாலும் நாள் குறையாத வேலை என்றால் ஃபிக்ஸட் டியூரேஷன். மணி நேரம்தான் உறுதி என்றால் ஃபிக்ஸட் வொர்க். அதில் எஃபர்ட் டிரிவனை எடுக்கவே முடியாது.

'ஆள் கூடினால் நிஜத்தில் நாள் பாதியாகிவிடுமா?' என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். ஆகாது. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கவே நேரம் போகும். நான் சொல்வது மென்பொருள் போடும் கணக்கை மட்டும்.

அப்புறம், ஸ்டார்ட் கட்டத்தில் தேதியைத் தட்டச்சு செய்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். அப்படிச் செய்தால் 'இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே' என்ற கட்டுப்பாடு உட்கார்ந்துகொள்ளும். முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் அடுத்தது நகராது. வேலைகளை இணைத்துவிட்டு, தேதியை அதுவாகவே போடவிடுங்கள். என் கோப்பில் யாரோ இப்படித் தட்டிவைத்த தேதிகளை ஒவ்வொன்றாக எடுக்க எனக்கு ஒரு முழு நாள் போனது.