சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் கப்பல் பயணத்தில் துறைமுகக் காட்சி நன்றாகத் தெரிய எந்தப் பக்கத்து கேபின் எடுக்க வேண்டும்?

இடது பக்கம் எடுங்கள். கப்பலுக்குள் இருந்து முகப்பைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வருவது. கப்பல்காரர்கள் போர்ட் சைடு என்பார்கள். வலது பக்கம் ஸ்டார்போர்டு.

தேவகோட்டையில் அப்பச்சிக்கு வயது நிறைவுச் சாந்தி விழா முடிந்த கையோடு அப்பச்சியையும் ஆத்தாவையும் (அப்பாவையும் அம்மாவையும்) இந்தக் கப்பலில் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆத்தாவின் ஐயா, அதாவது தாத்தா, கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன ஊர் பினாங்கு, அதைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்பது ஆத்தாவின் ஆசை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் பினாங்கை நடுவில் வைத்தே பதில் சொல்கிறேன். காரைக்குடியில் பயணச்சீட்டு, விசா வேலை பார்க்கிறவன் நான். நம் பக்கத்துக் குடும்பங்கள் திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் கப்பல் பிடிப்பதற்கு ஏற்பாடு செய்வதும் என் வேலைதான்.

பக்கம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவதை மனதில் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நான் கிளம்புவதை வைத்துப் போடுவேன். ஒரே வாய் வழியாகப் போய் அதே வழியில் திரும்பும் துறைமுகம் என்றால், உள்ளே போகும்போது வலப்பக்கம் தெரிந்தது வெளியே வரும்போது இடப்பக்கம் தெரியும். ஆக இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் அந்தக் காட்சி ஒரு முறை கிடைத்துவிடுகிறது. எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். சுற்றுலாக் கப்பல்கள் பொதுவாக விடியற்காலையில் துறைமுகம் சேர்ந்து மாலையில் புறப்படுபவை. பினாங்கில் விடிவதே காலை 7 மணியை ஒட்டித்தான். கப்பல் 6 மணிக்கு உள்ளே வந்தால் வலப்பக்க பால்கனியில் இருப்பவருக்கு விளக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். சூரியன் மறைவதும் அங்கே மாலை 7 மணி வாக்கில், சில மாதங்களில் ஏழரைக்கு மேல். மாலை 5 அல்லது 6 மணிக்குக் கிளம்பும் கப்பலில் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு ஊர் முழுவதும் வெளிச்சத்தில் கிடைக்கும்.

பினாங்கின் அமைப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஜார்ஜ் டவுன், தீவின் வடகிழக்கு முனையில் இருக்கிறது. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஊரின் கிழக்குக் கரை, எதிர்க்கரையில் பட்டர்வொர்த். தெற்கே 1985-இல் திறந்த பினாங்குப் பாலம் குறுக்கே இருக்கிறது. இன்றைய பெரிய சுற்றுலாக் கப்பல்களின் உயரத்துக்கு அதன் அடியில் புகுந்து போக முடியாது. அதனால் வடக்கு வாயில் வழியாக வந்து வடக்கு வாயில் வழியாகவே திரும்ப வேண்டும். வடக்கே பார்த்துப் புறப்படும்போது ஊர் இருப்பது மேற்கே, அதாவது இடப்பக்கம். முதலில் விக்டோரியா மணிக்கூண்டு, அதை ஒட்டி கார்ன்வாலிஸ் கோட்டை, பிறகு கடற்கரைத் திடல், 1885-இல் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஹோட்டல் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போகும். பின்னால் கோம்தார் கோபுரம், அதற்கும் பின்னால் 833 மீட்டர் உயரப் பினாங்கு மலை. நம் நகரத்தார்களின் தண்ணீர்மலை முருகன் கோயில் இருப்பதும் அந்த மலைத்தொடரின் அடிவாரத்தில்தான். கப்பலிலிருந்து கோயிலைப் பிரித்துக் காண முடியாது. ஆனால் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று ஆத்தாவுக்குக் கையை நீட்டிக் காட்டலாம். நகரத்தார் தங்கித் தொழில் செய்த கட்டடங்களான கிட்டங்கிகள் இருந்த பினாங்கு வீதி துறைக்கு மிகப் பக்கம். பகலில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, மாலையில் அதே இடத்தைக் கடலிலிருந்து பார்ப்பது தனிச் சுகம்.

சில பயணங்களில் புக்கெட் முதலிலும் பினாங்கு பிறகும் வரும். அப்போதும் இடப்பக்கம்தான். வடக்கு வாயிலில் வெளியே வந்த கப்பல் மேற்கே திரும்பித் தீவைச் சுற்றிக்கொண்டு தெற்கே போகும். சுற்றி முடிக்கும் வரை தீவு இடக்கைப் பக்கமே இருக்கும். இதற்கு நம் ஊரில் யாரும் மறக்க முடியாத கணக்கு ஒன்று உண்டு. கோயிலை வலம் வரும்போது சந்நிதி நமக்கு வலப்பக்கம் இருக்குமில்லையா, அதேதான். கப்பல் ஒரு தீவை வலமாகச் சுற்றினால் கரை வலப்பக்கம், இடமாகச் சுற்றினால் இடப்பக்கம். ஐஸ்லாந்து, நியூசிலாந்து போன்ற தீவுகளைச் சுற்றும் பயணத்துக்கும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்த ஒன்றைப் பார்த்தால் போதும்.

மற்ற இரண்டு ஊர்களையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து மேற்கே கிளம்பும்போது நகரம் வலப்பக்கம் வரும். இது ஒன்றுதான் இடப்பக்கத்துக்கு நஷ்டம். அன்று மாலை எப்படியும் எல்லோரும் மேல்தளத்துக்குப் போவார்கள், அப்பச்சியும் ஆத்தாவும் கூடவே போகட்டும். மலாக்கா நீரிணையில் வடமேற்கே போகும்போது மலேசியக் கரை வலப்பக்கம் என்பது உண்மை. ஆனால் பெரும்பகுதி இரவில் கழியும், கரையும் தள்ளியிருக்கும், அதற்காக வலப்பக்கம் எடுக்க வேண்டியதில்லை. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்பது வழக்கம். நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும் என்பதால் அங்கே பக்கம் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. தெற்கே திரும்பும்போது கரை இடப்பக்கம், சூரியன் மறைவது வலப்பக்கம். இங்கே ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நங்கூரமிட்டால் கரைக்குச் சிறு படகில் இறங்கிப் போக வேண்டும். படகு ஆடும்போது கால் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஆத்தாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அன்று கப்பலிலேயே இருப்பது நல்லது.

துறையில் கட்டி நிற்கும்போது எந்தப் பக்கம் கரைக்கு வரும் என்பது வேறு கதை. காற்று, நீரோட்டம், எந்த இடம் காலி, பயணிகள் இறங்கும் படி எங்கே பொருந்தும் என்பதையெல்லாம் பார்த்து கப்பல் தலைவரும் துறைமுக வழிகாட்டியும் முடிவு செய்வது அது. கம்பெனி முன்கூட்டி உறுதி தராது. ஆனால் அதே கப்பல் அதே துறையில் முன்பு எப்படி நின்றது என்பதைப் பயணிகள் இணையத்தில் போட்ட படங்களில் பார்க்கலாம். பெரும்பாலும் அதே வழக்கம் தொடரும். பல துறைமுகங்களில் கரைப் பக்கம் தெரிவது கிடங்குக் கூரையும் கண்டெய்னரும்தான், அதனால் இதற்கு நான் அதிகம் மதிப்புக் கொடுப்பதில்லை.

பக்கத்தை விட முக்கியம் என்று நான் நினைப்பது கேபினுக்கு முன்னால் என்ன தொங்குகிறது என்பது. உயிர்காப்புப் படகுகள் இருக்கும் தளத்துக்கு நேர் மேலோ, அதே தளத்திலோ உள்ள கேபின்களில் பாதிக் காட்சியைப் படகு மறைத்துவிடும். விலை குறைவாகக் காட்டினால் ‘மறைந்த காட்சி’ என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தள வரைபடம், டெக் பிளான் என்பார்கள், அதைத் திறந்து கேபின் எண்ணை நேரில் கண்டுபிடியுங்கள். ஒற்றை எண் ஒரு பக்கம், இரட்டை எண் இன்னொரு பக்கம் என்று பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன, எல்லோரும் அப்படி வைப்பதில்லை. வரைபடத்தில் முகப்பு எந்தப் பக்கம் என்று பார்த்து இடம் வலம் பிரித்துக்கொள்வதே நம்பகமானது. ‘கியாரண்டி கேபின்’ என்று மலிவாக வருவதை இந்தப் பயணத்துக்கு வாங்காதீர்கள். அதில் எந்தக் கேபின், எந்தப் பக்கம் என்பதைக் கம்பெனி பிறகு முடிவு செய்யும். நம் விருப்பம் எடுபடாது.

வயதானவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதி, லிஃப்டுக்குப் பக்கம். நடுவில் ஆட்டம் குறைவு. முன்பகுதியின் கீழ்த்தளங்களில் விடிகாலை நங்கூரச் சங்கிலிச் சத்தமும், துறையில் ஒதுங்கும்போது பக்கவாட்டு உந்து எந்திரத்தின் அதிர்வும் தூக்கத்தைக் கெடுக்கும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள கேபினிலும் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளம்தான் அமைதி. வடக்கே போகும் மாலையில் இடப்பக்கம் மேற்கு வெயில் நேராக அடிக்கும், ஒரு தொப்பி கொடுத்தனுப்புங்கள்.

நம் நாட்டிலேயே கிளம்பும் கப்பல்களைப் பற்றியும் பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். கொச்சியில் உள்ளே போகும்போது வலப்பக்கம் கோட்டைக் கொச்சியும் சீன வலைகளும், இடப்பக்கம் வைப்பின். வெளியே வரும்போது மாறிவிடும். மும்பையிலிருந்து புறப்படும்போது நகரம் வலப்பக்கம். சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் கப்பல் திருகோணமலையைத் தொட்டுச் சென்னைக்குத் திரும்பினால் இடப்பக்கம் எடுங்கள். சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் இருக்கும் பாறை, வடக்கே திரும்பும் கப்பலுக்கு இடப்பக்கம் கடலைப் பார்த்து நிற்கும்.

ஆத்தாவின் ஐயா போன காலம் எது என்று நீங்கள் எழுதவில்லை. 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதில் பெரும்பாலோர் கேபின் இல்லாமல் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். வீட்டில் பழைய கடிதமோ கணக்கேடோ இருந்தால் கப்பல் பெயரும் கடை இருந்த தெருவும் அதில் இருக்கும். கிளம்புவதற்கு முன் தேடிப் பார்த்து ஆத்தாவிடம் கொடுத்தனுப்புங்கள். பினாங்கில் இறங்கியதும் எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருக்கும். கப்பல் பெயரும் தேதியும் முடிவானதும் கேபின் எண்ணை இங்கே போடுங்கள், வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.